நுன்சியா வீட்டுப் பீச் பழங்கள்

ஒரு விடுகதை போடுகிறேன். பதில் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பவருக்கும் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

பூனைமுடிச் சட்டை போட்டிருக்கும்; சட்டைக்குள்ளே தேன்குடம் இருக்கும்; குடத்துக்குள்ளே கல்லுப்பெட்டி; பெட்டிக்குள்ளே கசப்பு முத்து. அது என்ன?

மாம்பழம் என்று சொன்னவர்கள் மாம்பழத்தின் கன்னத்தைத் தடவிப் பாருங்கள், அதற்கு முடி கிடையாது. பலாப்பழம் என்றவர்கள் பூனையை விட்டுவிட்டு முள்ளம்பன்றியைப் பிடித்துவிட்டீர்கள். விடை பீச் பழம். அதிலும் இந்தக் கதையில் வருவது இத்தாலிக்குத் தெற்கே சிசிலி என்ற தீவில் விளைகிற பீச். பழுக்கிற நேரத்தில் யாரோ அதன் தலைமேல் உட்கார்ந்துவிட்டதுபோல் வடை அளவில் வடைபோலவே தட்டையாக இருக்கும். ஆனால் கத்தியை வைத்ததும் சாறு முழங்கைவரை ஓடும்.

அந்தத் தீவின் பெரிய ஊர் பலெர்மோ. அங்கே சந்தைக்குப் பின்னால் இருந்த ஒரு சந்தில், நடுவே முற்றமும் சுற்றிலும் மூன்று மாடிகளுமாக ஒரு பழைய வீடு இருந்தது. மேல் மாடிகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் குடியிருந்தன. கீழே வீட்டுக்காரி நுன்சியா தனியாக இருந்தாள். அகன்ற தோளும் சுருக்கமான பேச்சும் உடைய அவள், கணவன் இறந்த பிறகு கறுப்பைத் தவிர வேறு நிறம் உடுத்தியதில்லை. கோடை உச்சிக்கு ஏறி, ஆப்பிரிக்காவிலிருந்து வரும் சூட்டுக்காற்று சன்னல் கதவுகளைத் தட்டத் தொடங்கும் வாரத்தில் அவள் ஒரு பெரிய மண்கிண்ணம் நிறைய வைனில் பழம் ஊறவைப்பாள். அதை முற்றத்துக் கல்மேசையில் வைத்துவிட்டு, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று கையால் காட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

செய்முறை பெரிய வித்தை அல்ல. பழத்தை வெந்நீரில் முக்கி எடுத்தால் பூனைமுடிச் சட்டை தானாகக் கழன்றுவிடும். சதையைப் பிறைபிறையாக நறுக்கி, சர்க்கரை தூவி, எலுமிச்சைத் தோலை மெல்லியதாகச் சீவிப் போட்டு, பழம் தன் சாற்றைத் தானே விடும்வரை காத்திருந்து, அதன்பிறகு சிவப்பு வைனைப் பழம் மூழ்கும்வரை ஊற்றி, தட்டால் மூடிக் குளிரில் வைத்துவிட வேண்டியதுதான். கரண்டி போட்டுக் கலக்கக் கூடாது, கிண்ணத்தைத்தான் சாய்த்துச் சாய்த்துக் கலக்க வேண்டும் என்பது மட்டும் நுன்சியாவின் சட்டம். பிள்ளைகளுக்கென்று ஒரு சின்னக் கிண்ணம் தனியாக இருக்கும். அதில் வைனுக்குப் பதில் கறுப்புத் திராட்சைச் சாறு. பார்வைக்கு இரண்டும் ஒரே நிறம்.

ஓர் ஆண்டு கோடையில் பெரிய கிண்ணத்துப் பழத்தைத் தின்ற பெரியவர்களுக்கு எல்லா மொழியும் புரியத் தொடங்கியது.

முதலில் தின்றவர் இரண்டாம் மாடிச் சிவபாதம். உணவகம் ஒன்றில் தட்டுக் கழுவுகிறவர். மத்தியானம் தின்றுவிட்டு மாலையில் மீன் வாங்கப் போனார். மத்தி மீன் விற்கிறவன் இத்தனை வருடமும் தன்னைக் கண்டதும் கையை உயர்த்தி ராகம் போட்டுப் பாடுவது ஏதோ வாழ்த்து என்று நினைத்திருந்தார். அது, எல்லா மீனையும் அமுக்கிப் பார்த்துவிட்டுக் கால் கிலோ மத்தி வாங்குகிற மகராசன் வந்துவிட்டான், மீன்களே வயிற்றை மூடிக்கொள்ளுங்கள் என்ற பாட்டு என்று அன்று புரிந்தது. சிவபாதம் எல்லா மீனையும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாக அமுக்கிப் பார்த்துவிட்டு, கால் கிலோ மத்தி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, மீன்காரனின் தாய்க்கு முழங்கால் வருத்தமாம் என்று மனைவியிடம் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

இப்படித்தான் எல்லோருக்கும். ஒரு துண்டு தின்றால் அன்றைக்குத் தூங்கப் போகும்வரை யார் எந்த மொழியில் பேசினாலும் விளங்கும். தூங்கி எழுந்தால் போய்விடும், மறுபடி தின்ன வேண்டும். அந்த வீட்டில் ஊறிய பழத்துக்குத்தான் இந்தக் குணம். அதே பழத்தையும் அதே வைனையும் வாங்கிப்போய் அடுத்த சந்தில் செய்து பார்த்தவர்களுக்கு நல்ல இனிப்பு மட்டும்தான் கிடைத்தது. கிணறு காரணம் என்றார்கள் சிலர், சுவர் காரணம் என்றார்கள் வேறு சிலர். யாரும் அதிக நேரம் யோசிக்கவில்லை. எல்லோருக்கும் வேலை இருந்தது. புரிந்துகொள்ள வேண்டியதோ நிறைய இருந்தது.

மருத்துவரிடம் போகிறவர்கள் காலையிலேயே மூடிப் பாத்திரத்தோடு வந்தார்கள். வேலை இடத்து முதலாளியோடு பேச வேண்டியவர்கள் மத்தியானம் வந்தார்கள். வெள்ளிக்கிழமை விரதக்காரருக்கு இது ஆகுமா என்ற கேள்வி எழுந்தபோது கோயில் சபை கூடியது. வைனில் விழுந்த பழம் பழமாகவே இருக்கிறது, பழம் விழுந்த வைன்தான் வைனாகவே இருக்கிறது, ஆகையால் விரதக்காரர் துண்டைத் தின்னலாம், சாற்றைக் குடிக்கக் கூடாது என்று முடிவானது. அன்று முதல் விரதக்காரர்கள் துண்டை எடுத்து நன்றாக உதறிவிட்டுத் தின்றார்கள். மூன்றாம் மாடிக்காரர்கள் மாங்காய்க்குப் போடுவதுபோல் உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தின்றபோது நுன்சியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்படித் தின்றவர்களுக்குச் சண்டைகள் கூடுதலாகப் புரிந்தன என்று ஒரு பேச்சு இருந்தது.

ஊர்க்காரர்களும் வந்தார்கள். இறைச்சிக் கடைக்காரன் ஒரு துண்டு தின்றுவிட்டுக் கடைக்குப் போய், தமிழ்ப் பெண்கள் தன் தராசைப் பற்றியும் தராசுத் தட்டில் படுத்திருக்கும் தன் கட்டைவிரலைப் பற்றியும் பேசுவதைக் கேட்டான். மறுநாளிலிருந்து எடை போடும்போது அந்தக் கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். பேருந்தில் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று பல காலம் மனம் வெந்துகொண்டிருந்த மருந்துக்கடை அம்மாள், அவர்கள் சிரித்ததெல்லாம் தங்கள் தங்கள் கணவன்மாரைப் பற்றித்தான் என்று தெரிந்து நிம்மதியடைந்தாள். அடுத்த நாள் தன் கணவனைப் பற்றியும் இரண்டு விஷயம் சொல்லிக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டாள்.

வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள். முதல் மாடி லோகநாதன், ஊர்ப்பெண் ஒருத்தியைக் கல்யாணம் செய்து, சமையலறைச் சொற்கள் கொஞ்சத்தையும் கைச்சாடைகளையும் வைத்துக்கொண்டே அமைதியாகக் குடும்பம் நடத்தியவர். “நல்லாத்தானே போகுது, ஏன் கெடுப்பான்?” என்று அவர் தமிழில் சொன்னதையே அவர் மனைவி சிசிலி மொழியில் சொன்னாள்.

இதனால் வேலை இழந்தவள் ஒருத்திதான். அவள் பெயர் ஆரபி.

ஆரபிக்குப் பன்னிரண்டு வயது. ஆறு வயதிலிருந்தே அந்த வீட்டின் வாயும் காதும் அவள்தான். மருத்துவரிடம் யாருக்கு எங்கே வலிக்கிறது என்று சொன்னவள் அவள். நகராட்சி அலுவலகத்துச் சன்னலுக்கு எட்டுவதற்காக அவளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். சிவபாதத்தின் மூலநோய்கூட அவருக்கு அடுத்தபடி அவளுக்குத்தான் முழுமையாகத் தெரியும். இப்போது யாரும் கூப்பிடவில்லை. சந்தில் மற்றப் பிள்ளைகளோடு பொழுதெல்லாம் விளையாடலாம். விளையாடவும் செய்தாள். ஆனால் விளையாட்டின் நடுவே நின்று நின்று முற்றத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், ஏனென்றால் அவளிடம் ஒரு பயம் இருந்தது.

லோகநாதன் மனைவியைத் தவிர, அந்த வீட்டில் பழம் தின்னாத பெண்கள் இன்னும் இருவர் இருந்தார்கள். ஒருத்தி, கிண்ணத்தைச் செய்து வைக்கிற நுன்சியா. வாழ்க்கையில் கேட்டதே போதும் என்று அவள் சொல்லியிருந்தாள். இன்னொருத்தி ஆரபியின் தாய் தவமலர். எனக்குப் பிள்ளை இருக்கிறாள், பழம் எதற்கு என்று அவள் சொல்லியிருந்தாள். இந்த இருவரும் ஆறு வருடச் சிநேகிதிகள். தினமும் முற்றத்தில் ஒரே தாம்பாளத்தில் பட்டாணி உரித்தார்கள், ஒரே கொடியில் துணி காயப் போட்டார்கள். நுன்சியாவின் கணவன் இறந்தபோது தவமலர்தான் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குச் சோறூட்டினாள். தவமலருக்குக் காய்ச்சல் வந்தபோது நுன்சியா தன் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தாள். இத்தனையும் ஆரபியின் வாய் வழியாக நடந்தன. அந்த வாய் வழியாக ஒரு வார்த்தைகூடச் சொன்னபடி போய்ச் சேர்ந்ததில்லை.

அது முதல் நாளே தொடங்கியது. குடிவந்த அன்று தவமலர் முதல் கறியை அடுப்பில் வைத்தபோது, நுன்சியா சாவிக்கொத்தோடு படியேறி வந்து, இந்த நாற்றம் என் படிக்கட்டில் ஒட்டினால் சட்டியோடு உங்களையும் தெருவில் வைப்பேன் என்று சொன்னாள். தவமலர் மகளைப் பார்த்து, என்ன சொல்லுறா என்று கேட்டாள். அந்த ஊர்ப் பாலர் பள்ளியில் ஒரு வருடம் இருந்த ஆரபிக்கு எல்லாம் விளங்கியது. ஆனால் நாள் முழுக்கப் பெட்டி தூக்கிக் களைத்த அம்மாவின் முகமும் அவளுக்குத் தெரிந்தது.

“உங்கட கறி நல்ல வாசமாம் அம்மா,” என்றாள். “படி முழுக்க வாசமாம்.”

தவமலர் ஒரு சட்டி நிறைய நண்டுக்கறி கொடுத்தனுப்பினாள். நுன்சியா, இது எதற்கு என்று கேட்டாள். அம்மா மன்னிப்புக் கேட்கிறார் என்றாள் ஆரபி. அத்தோடு, எங்கள் ஆட்கள் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டார்கள் என்றும் சொன்னாள். அன்றைக்கு அவள் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. நுன்சியா காரத்தில் கண்ணீர் விட்டுக்கொண்டே நண்டைத் தின்றுவிட்டு, சட்டி நிறையப் பழம் வைத்து அனுப்பினாள். அந்தச் சட்டி அன்று ஏறி இறங்கத் தொடங்கியதுதான், பிறகு நிற்கவே இல்லை.

இந்த மனுசிக்கு மனச்சாட்சி இருக்கோ என்று கேள், குழாய் ஒரு மாதமாய் ஒழுகுது என்று தவமலர் கொதித்தபோது, உங்கள் தக்காளிச் செடி மிக அழகு, எங்கள் சமையலறைத் தண்ணீர் உங்கள் கூரைப் பக்கமாக நடந்து வருகிறது என்று ஆரபி சொன்னாள். அன்றே குழாய் திருத்தப்பட்டது. கணவனுடைய செத்தவீட்டன்று, யாரும் வர வேண்டாம் என்று நுன்சியா கதவைச் சாத்தியபோது, வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா, உங்களைக் கூப்பிடுகிறா என்று ஆரபிதான் தாயை இறக்கிக் கூட்டிப்போனாள். கெட்ட சொல் ஒன்று இந்தப் பக்கம் உள்ளே போனால் நல்ல சொல் ஒன்று அந்தப் பக்கம் வெளியே வந்தது. வருடம் போகப் போக, அவள் யோசிக்காமலே அது நடந்தது.

அந்தக் கோடையின் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நுன்சியா பட்டாணித் தாம்பாளத்தோடு வந்து உட்கார்ந்தாள். வெகுநேரம் உரித்தாள். பிறகு, வடக்கே தூரின் என்ற ஊரில் இருக்கும் தன் மகன் நாளைக்கு வருகிறான், வீட்டை வாங்க ஆள் பார்த்துவிட்டான், தன்னைக் கூட்டிப்போகப் போகிறான் என்று சொன்னாள்.

“உன் அம்மாவிடம் சொல், அந்த ஊரில் எனக்கு ஒரு கதவுகூடத் தெரியாது,” என்றாள்.

ஆரபி இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆறு வருடப் பழக்கம் அவளுக்கு முன்னால் ஓடிவிட்டது.

“சிஞ்ஞோரா மகனிட்டைப் போறாவாம் அம்மா. சந்தோசமாம்.”

தவமலர் பட்டாணியைக் கீழே வைத்தாள். ஒரு கணம் அவள் முகத்தில் ஏதோ அணைந்ததை ஆரபி பார்த்தாள். ஆனால் சிநேகிதியின் நல்ல காரியத்தில் முகம் வாடக் கூடாது என்பது அவள் வளர்ந்த முறை. ஆகவே நுன்சியாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, பல் எல்லாம் தெரியச் சிரித்தாள்.

“நல்லது. பிள்ளையோட இருக்கிறதுதானே பெருமை. போயிட்டு வாங்கோ எண்டு சொல்லு.”

அம்மாவுக்குக் கவலையாக இருக்கிறதாம் என்று ஆரபி அவசரமாகச் சொன்னாள். நுன்சியா தன் கைகளை விடுவித்துக்கொண்டாள்.

“எனக்கும் கண் இருக்கிறது, பிள்ளை,” என்றாள்.

அவள் எழுந்து போன பிறகு ஆரபி தாயிடம், அவ அப்படிச் சொல்லேல்லை அம்மா, நான்தான் பிழையாய்ச் சொல்லிப்போட்டன் என்றாள். தவமலர் கேட்கவில்லை. கைகளை உதறிக்கொண்டு போனதைப் பார்த்தாயா, பெட்டி அடுக்க எவ்வளவு அவசரம் என்று சொன்னாள். சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். பிறகு நிதானமாக ஒன்று சொன்னாள். “இண்டைக்கு நானும் அந்தப் பழத்தைத் தின்னப்போறன். முதல் நாள் என்ரை கறியைப் பற்றிச் சொன்னாவே ஒரு சொல்லு, அதை அவவின்ர வாயால ஒருக்காக் கேக்கவேணும். நீ சொல்லியே அவ்வளவு வடிவாயிருந்தது, அவ சொன்னால் எப்பிடி இருக்கும்?”

கீழே நுன்சியாவும் அதே முடிவுக்கு வந்திருந்தாள். தூசி படிந்த பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, இன்று மாலை நானும் தின்னப்போகிறேன், உன் அம்மாவையும் கூட்டி வா, நடுவில் யாரும் வேண்டாம், நீயும் வேண்டாம் என்று ஆரபியிடம் சொன்னாள். தனக்குப் பெட்டி அடுக்கும் வேலை இருப்பதால் கிண்ணத்தை ஆரபியே செய்து வைக்க வேண்டும் என்றாள். ஆறு கோடை பக்கத்தில் நின்று பார்த்தவளுக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை.

ஆரபி நுன்சியாவின் சமையலறையில் வெந்நீர் வைத்தாள். பழங்களை முக்கினாள். சட்டைகளைக் கழற்றினாள். பிறைபிறையாக நறுக்கிச் சர்க்கரை தூவி எலுமிச்சைத் தோல் சீவிப் போட்டாள். மேசையில் வைன் போத்தல் இருந்தது, பக்கத்திலேயே திராட்சைச் சாற்றுப் போத்தலும் இருந்தது. பழம் தன் சாற்றை விடும்வரை அவள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து காத்திருந்தாள்.

திராட்சைச் சாற்றை ஊற்றினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். இருவரும் தின்பார்கள். ஒன்றும் விளங்காது. மகன் வருகிற சமயத்தில் கிண்ணத்தின் குணம் போய்விட்டது போலிருக்கிறது என்று சொல்லி, ஆரபியைக் கூப்பிடுவார்கள். அவள் நடுவில் போய் உட்கார்ந்து, போகாதேங்கோ எண்டு நீங்கள் சொல்லவேணுமாம் அம்மா என்று சொல்வாள். தவமலர் சொல்வாள். அதற்கு மொழிபெயர்ப்பே வேண்டியிராது. நுன்சியா பெட்டியைப் பிரிப்பாள், வீடு விற்காது, சட்டி ஏறி இறங்கும். அந்தப் பொய் தயாராக இருந்தது. அவள் சொன்னதிலேயே அதுதான் சிறந்த பொய், ஏறக்குறைய உண்மை.

வைனை ஊற்றினாலோ, கதவு தெரியாத ஊரைப் பற்றி நுன்சியா தன் வாயாலேயே சொல்வாள், தவமலரும் தன் வாயாலேயே பதில் சொல்வாள். ஆனால் அதற்கு முன்போ பின்போ, முதல் நாள் சொன்னதை ஒருமுறை சொல்லுங்கோ என்று தவமலர் கேட்பாள். நுன்சியா பொய் சொல்லத் தெரியாதவள். நாற்றம் வரும், சட்டி தெருவுக்குப் போகும், தக்காளிச் செடி வரும், மனச்சாட்சி வரும், சாத்திய கதவு வரும். ஆறு வருடமும் முற்றத்தில் கொட்டப்படும். இருவரும் முதலில் ஒருவரையொருவர் பார்ப்பார்கள், பிறகு ஆரபியைப் பார்ப்பார்கள். அதன்பிறகும் இருவருக்கும் ஒரே தாம்பாளம் போதுமா என்பது அவளுக்குத் தெரியவில்லை.

சன்னலுக்கு வெளியே லோகநாதன் மிதிவண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ஆரபி எட்டிப் பார்த்து, மாமா, உங்களுக்கு ஒருநாளும் இந்தப் பழத்தைத் தின்னவேணும்போல இருக்கேல்லையோ என்று கேட்டாள். லோகநாதன் சங்கிலியைச் சுற்றிப் பார்த்தார். ஒரு பக்கம் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டார்.

“ஒருநாள் என்ரை மனுசி இருந்து அழுதவ. ஏனெண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது,” என்றார். “அண்டைக்குத் தின்றிருப்பன்.”

பிறகு, கையில் எண்ணெய் போகத் தேய்க்கக் கொஞ்சம் எலுமிச்சைத் தோல் இருக்குமோ என்று கேட்டார். ஆரபி கொடுத்தாள். அவர் தேய்த்துக்கொண்டே மாடிக்குப் போய்விட்டார்.

முற்றத்தில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. தவமலர் நல்ல சேலை உடுத்திக்கொண்டு இறங்கி வந்திருந்தாள். தோடுகூட மாற்றியிருந்தாள். நுன்சியா பெட்டிகளை விட்டுவிட்டு முகம் கழுவி எதிரில் வந்து உட்கார்ந்திருந்தாள். ஒருத்தி வெயிலைப் பற்றித் தமிழில் ஏதோ சொன்னாள். மற்றவள் விளங்காமலே தலையாட்டினாள். கிண்ணத்தில் சர்க்கரை கரைந்து, பழம் தன் சாற்றில் பாதி நனைந்து நின்றது.

ஆரபி வைனை எடுத்துப் பழம் மூழ்கும்வரை ஊற்றினாள்.